வெயில் களைப்பு சோம்பல் அல்ல

சித்திரை, வைகாசி மாதங்களில் காஞ்சிபுரத்தின் நெசவு வீடுகளில் காலையில் மளமளவென ஓடும் நாடா, நண்பகலுக்குப் பின் தளர்ந்துவிடும். "குழித்தறியில் உட்கார்ந்துதானே வேலை, அதற்கு இவ்வளவு களைப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதைச் சோம்பல் என்று நினைப்பது தவறு.

மனித உடலின் உள்வெப்பத்தை அல்லாஹ் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவில் அமைத்துள்ளான். வெளியே வெயில் 40 டிகிரியை எட்டும்போது, அந்த அளவைக் காக்க உடல் ஓயாமல் உழைக்கிறது. சூட்டை வெளியேற்றுவதற்காக இரத்தம் அதிகமாகத் தோலுக்குப் பாய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. நாம் சும்மா இருந்தாலும் உள்ளே வேலை நடக்கிறது.

அடுத்தது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். கூடவே தண்ணீரும் உப்பும் போய்விடும். 60 கிலோ எடையுள்ளவர் ஒன்றேகால் லிட்டர் நீரை இழந்தாலே கவனம் சிதறத் தொடங்கலாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடும். நீர் போகும், சூடு போகாது. இரவும் புழுக்கமாக இருந்தால் தூக்கம் கெட்டு, மறுநாளே களைப்போடுதான் விடியும்.

மார்க்கம் இந்தப் பலவீனத்தை அறிந்தே வழிகாட்டுகிறது. கடும் வெப்பத்தில் ளுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்தபின் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. 'கைலூலா' எனும் நண்பகல் ஓய்வு ஸஹாபாக்களின் வழக்கம். தொழுகைக்கே தவணை தரப்பட்டிருக்க, ஒரு பட்டுச் சேலைக்குத் தரக்கூடாதா?

ஃபஜ்ருக்குப் பின் வேலையைத் தொடங்கி, நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வெடுப்பது நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், நீர்மோர், உப்பிட்ட கஞ்சி குடியுங்கள். ஒருவருக்கு உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல, வெப்பவாதம். உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, 108-ஐ அழையுங்கள். தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது இந்த ஆபத்தினால்தான்.

சேலைக் கணக்கில் கூலி வாங்குபவர் ஓய்வெடுத்தால் அவருடைய வருமானம் குறையும். எனவே வேலை கொடுப்பவர்களே, கோடையில் கெடுவைத் தளர்த்துங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்த வியர்வையின் விலையை உணர்ந்து நடக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.