படி பிறந்த கதை

முகாமை விட்டுப் படை கிளம்பினால் கூடாரம், சுமைமாடு, சாப்பாடு என்று செலவு ஏறும். அதை ஈடுகட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளத்துக்கு மேல் தந்த காசுதான் பேட்டா, அதாவது படி. நம்மூர் லாரி ஓட்டுநர் இன்றும் வாங்குகிற அதே பேட்டா.

1757-இல் பிளாசிப் போர் முடிந்தது. நவாபான மீர் ஜாபர், தன்னை அரியணையில் ஏற்றிய கம்பெனியின் வங்காளப் படைக்கு இரட்டைப் பேட்டா தந்தார். அவர் கஜானாவிலிருந்து வந்தவரை கம்பெனிக்கு உறுத்தவில்லை. செலவு தன் தலையில் விழுந்ததும் லண்டன் இயக்குநர்கள் நிறுத்தச் சொன்னார்கள். 1766 ஜனவரியில் வங்காள கவர்னர் கிளைவ் நிறுத்தினார். வங்காளத்தில் வாரிக் குவித்தவர் மற்றவர்களுக்குச் சிக்கனம் சொன்னது வேடிக்கைதான்.

மோங்கீர், பாங்கிப்பூர், அலகாபாத் முகாம்களில் வெள்ளை அதிகாரிகள் கூண்டோடு பதவி விலகினார்கள். கிளைவ் சென்னையிலிருந்து அதிகாரிகளை வரவழைத்தார். சிப்பாய்கள் கம்பெனி பக்கமே நின்றார்கள். கலகம் அடங்கியது. விலகியவர்களில் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மோங்கீர்த் தலைவர் ராபர்ட் பிளெட்சருக்கோ பதவி போனது. அவரே பின்னாளில் சென்னைப் படைக்குத் தளபதியாகி, 1776-இல் கவர்னர் பிகட்டைச் சிறைவைத்த கூட்டத்தில் இருந்தது தனிக்கதை.

சிப்பாய்க்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. கம்பெனி எல்லையைத் தாண்டிப் போனால் அவனுக்குக் கூடுதல் படி உண்டு. ஆனால் அவன் சண்டை போட்டுப் பிடித்த நாட்டைக் கம்பெனி தன்னோடு சேர்த்துக்கொண்டால் அது உள்நாடாகிவிடும், படியும் நின்றுவிடும். தோற்றிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்! 1843-இல் சிந்து சேர்க்கப்பட்டபோது இப்படித்தான் ஆனது. மாதம் ஏழு ரூபாய்ச் சம்பளக்காரன் எப்படிப் பொறுப்பான்? மறு ஆண்டு சிந்துக்குப் போக மறுத்த 34-ஆவது வங்காளக் காலாட்படையை மீரட்டில் அடியோடு கலைத்தார்கள். 1849-இல் பஞ்சாப் சேர்ந்தபோதும் அதே கணக்கு, அதே கொந்தளிப்பு. படியைக் குறைக்கும் விதியொன்றைத் தளபதி சார்லஸ் நேப்பியர் தானாகவே நிறுத்திவைத்தார், கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி கண்டித்தார், நேப்பியர் பதவியை உதறிவிட்டுப் போனார்.

இன்றைய இந்திய ராணுவத்தில் படியைப் பரிந்துரைப்பது ஊதியக் குழுவின் வேலை. ஏழாவது குழு ஆபத்தையும் கஷ்டத்தையும் கட்டம் கட்டி அளந்து, சியாச்சினை உச்சியில் வைத்தது. அங்கே ஜவானுக்கு மாதம் 21,000 ரூபாய் என்றது குழு. 2017-இல் அரசு அதை 30,000 ஆக்கியது, அதிகாரிக்கு 42,500.