கடல்மல்லையும் இளஞ்சிறாரும்

திருக்கோயிலில் குடமுழுக்கு நிகழுங்கால் பெரியோர் தம் இல்லத்துச் சிறாரையும் உடன் அழைத்து வருதல் தமிழ்நாட்டின் நன்மரபாகும். பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடைபெற வேண்டும் என்பது சான்றோர் வகுத்த முறை. இன்று தந்தையின் தோள்மீது அமர்ந்து கலச நீரைத் தலையில் ஏற்கும் குழந்தை, அடுத்த குடமுழுக்கில் தீர்த்தக் குடம் சுமக்கும் இளைஞனாகிறான். அதற்கும் அடுத்ததில் திருப்பணியைத் தானே முன்னின்று நடத்துகிறான். இவ்வாறு கைமாறி வருவதனாலேயே கோயில் வாழ்கிறது. இவ்வுண்மையை ஒரே நாளில், ஒரே ஊரில் சிறார்க்குக் கண்கூடாகக் காட்டவல்ல தலம் கடல்மல்லை எனும் மாமல்லபுரம்.

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தொலைவில், செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் அமைந்தது இவ்வூர். பல்லவப் பேரரசின் துறைமுகமாய்ப் பெருமையுடன் விளங்கியது. 642-ஆம் ஆண்டில் வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்ற விருதுப் பெயர் உண்டு. அப்பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. 1984-இல் இவ்வூரின் சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பெற்றன. அதன்பின் வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் திரள்திரளாக வந்து காண்கின்றனர்.

குழந்தைகளுடன் வருவோருட் பலர் சிற்பங்களைக் காட்டி, கடலில் கால் நனையச் செய்து, சங்கும் கிளிஞ்சலும் வாங்கித் தந்து திரும்பிவிடுகின்றனர். ஆயினும் கோயிலுக்குச் சென்று பழகிய குழந்தை, கடற்கரைக் கோயிலின் வாயிலில் நின்று ஒரு கேள்வியைக் கேட்டே தீரும்: "இங்கே சாமிக்கு விளக்கு ஏற்றவில்லையே, ஏன்?" பெற்றோர் இக்கேள்வியைப் புறக்கணித்தல் தகாது. இதற்குரிய விடையிலேதான் இவ்வூரின் வரலாறு அடங்கியிருக்கிறது.

முதற்கண் சிறாரை ஐந்து இரதங்களுக்கு அழைத்துச் செல்லுதல் நன்று. பாண்டவர் பெயரும் திரௌபதி பெயரும் இவற்றுக்குப் பிற்காலத்தார் இட்டவை. இவை தேர்களும் அல்ல. கல்லின்மேல் கல் அடுக்காமல், நின்ற பாறையையே குடைந்தும் செதுக்கியும் ஆக்கிய ஒற்றைக்கற் கோயில்கள் இவை. திரௌபதி இரதம் நாட்டுப்புறத்துக் கூரைக் குடிலை ஒத்தது. நகுல சகதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். அதனருகே கல்லில் ஒரு யானையையும் சிற்பி நிறுத்தி வைத்தான். தூங்கானை மாடம் என்னும் கோயிலமைப்பை ஏட்டின் துணையின்றியே குழந்தை அங்கு அறிந்துகொள்ளும். இவ்விரதங்கள் மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டவை. ஆதலால் சிகரம் அழகுற முடிந்திருக்க, அடிப்பகுதி பல இடங்களில் கரடுமுரடாகவே நிற்கிறது. உளி இடையிலேயே ஓய்ந்துவிட்டது. மன்னனின் பொருளும் சிற்பியின் திறனும் நிறைந்திருந்தும், குடமுழுக்குக் காணாமலே நின்றுவிட்ட கோயில்கள் இவை.

அடுத்து, அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் போற்றப்படும் பெரும்பாறைச் சிற்பம். ஏறத்தாழ 100 அடி நீளமுள்ள அப்பாறையில் தேவரும் முனிவரும் நாகரும் நடுப்பிளவை நோக்கித் தொழுது வருகின்றனர். பேரியானையின் காலடியில் குட்டிகள் ஒதுங்கி நிற்க, ஒற்றைக்காலில் தவமிருக்கும் பூனையை எலிகள் நம்பிச் சூழ்ந்துள்ளன. பொய்த்தவத்தின் இழிவைச் சிறார்க்கு இதனினும் எளிதாக உணர்த்துதல் அரிது. அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஆயன் ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கி நிற்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அப்பசுவின் அன்பு குறையவில்லை.

பின்னர்க் கடற்கரைக் கோயில். காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மப் பல்லவனே 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனையும் கட்டினான். கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் இரு சிவசந்நிதிகள். அவ்விரண்டினிடையே, இருந்த பாறையிலேயே வடித்த திருமாலின் கிடந்த கோலம். சைவமும் வைணவமும் ஒரே மதிலுக்குள் இணங்கி வாழ்ந்த இடம் இது. கிழக்குக் கருவறையில் பட்டை தீட்டிய இலிங்கமும், அதன் பின்சுவரில் சோமாஸ்கந்தர் திருவுருவமும் உள்ளன. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளும் இங்குக் காணப்படுகின்றன. இத்தகைய கோயிலில் இன்று நித்திய பூசை இல்லை. தொல்லியல் துறையினர் காக்கின்றனர். அலை மோதாதவாறு கற்களை அடுக்கி அரண் செய்துள்ளனர். கல் காக்கப்பெற்றது, விளக்கு மட்டும் அணைந்துவிட்டது.

சிறாரின் கேள்விக்கு விடை காண, அங்கிருந்து சிறிது மேற்கே நடந்து ஊர் நடுவில் உள்ள தலசயனப் பெருமாள் சந்நிதியை அடைதல் வேண்டும். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று இது. திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்றது. முதலாழ்வார் மூவருள் ஒருவரும் இரண்டாம் திருவந்தாதியை அருளியவருமான பூதத்தாழ்வார் அவதரித்த தலமும் இதுவே. புண்டரீக முனிவர் தாமரை மலர்களைப் பாற்கடல் நாதன் திருவடியில் சேர்க்க விழைந்து, கடல்நீரைக் கையாலேயே இறைத்து வழிகாண முயன்றார் என்பது தலபுராணம். முதியவர் வடிவில் வந்த பெருமான் தமக்குப் பசியென்று கூறி, முனிவரை உணவு கொண்டுவர அனுப்பினார். அவர் திரும்பி வருமுன் அம்மலர்களைச் சூடித் தரைமீதே பள்ளிகொண்டார். அரவணையின்றி நிலத்தில் கிடந்தருளுவதால் தலசயனர் என்பது திருநாமம். தாயார் நிலமங்கை நாச்சியார். கடலைக் கையால் இறைத்த முனிவரின் கதை குழந்தைகளின் உள்ளத்தில் எளிதில் பதியும். மணலில் பள்ளம் தோண்டிக் கடல்நீரை இறைத்து விளையாடும் குழந்தை அம்முனிவரைத் தன் தோழராகவே கொள்ளும்.

இச்சந்நிதியில் இன்றும் தீபம் எரிகிறது, பாசுரம் ஒலிக்கிறது, துளசியும் தீர்த்தமும் குழந்தையின் கையில் விழுகின்றன. இதன் கற்பணி கடற்கரைக் கோயிலினும் மேம்பட்டதன்று. ஆயினும் ஒரு தலைமுறை ஓயுங்கால் அடுத்த தலைமுறை முன்வந்தது. விளக்கு நின்றதற்கும் அணைந்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

யாத்திரையை முடிக்குமுன் வடக்கே சிறிது தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்தையும் காணுதல் தகும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து மணலை அரித்துச் சென்றபின், அங்கிருந்த பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றின் துணைகொண்டு 2005-இல் அகழ்ந்தபோது, மணலுக்கடியில் முருகப் பெருமானின் பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. பல்லவர் காலக் கற்பணிக்குக் கீழே அதனினும் பழைய செங்கற் கட்டடம்; கல்லாலான வேலும் அங்குண்டு. 9-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்மணி அக்கோயிலில் விளக்கெரிய 16 கழஞ்சு பொன் அளித்த அறத்தை அங்குள்ள தூணொன்று உரைக்கிறது. கடலும் மணலும் கோயிலை மூடின. அந்த அம்மையாரின் அறத்தை மறைக்க அவற்றால் இயலவில்லை.

ஊரிலிருந்து புறப்படுகையில் உளியோசை செவியில் விழும். 1957-இல் இங்கு அரசினரால் சிற்பப் பயிற்சி நிலையம் தோற்றுவிக்கப்பெற்றது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. பாறைகளில் ஓய்ந்த உளி பட்டறைகளில் இன்றும் ஓயவில்லை. இங்கு வடிக்கப்பெறும் திருமேனிகள் பல ஊர்க் கோயில்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் எழுந்தருளுகின்றன. அவை செல்லுமிடத்தே குடமுழுக்குக் கண்டு, வழிபடுவார் முன் தெய்வமாக விளங்குகின்றன.

பொன்னும் பொருளும் தந்து திருப்பணி முடித்த அன்பர்கள் பேறு பெற்றோர். அவர்கள் செய்ய வேண்டுவது இன்னும் ஒன்று உண்டு. வீட்டுக் குழந்தையின் கையில் ஓர் அகலையும் சிறிது எண்ணெயையும் தந்து, மாலைதோறும் சந்நிதிக்கு அனுப்புதல் அது. கடல்மல்லையில் குழந்தை கேட்கும் கேள்வியை, இத்திருக்கோயிலின் வாயிலில் எக்காலத்தும் எக்குழந்தையும் கேளாதிருக்க இறைவன் திருவருள் புரிவானாக.