கொல்லிமலையும் சுவடி நிலையமும்

கொல்லிமலை நாடுகளுள் ஒன்று வாழவந்தி நாடு. அம்மலையிலுள்ள செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை நிற்கின்றது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டாம் பெருக்கையொட்டி அவன் பெயரால் அரசு விழா நடைபெறுகின்றது. ஓரியின் விற்றிறமும் கொடைச் சிறப்பும் இன்று அம்மலையில் விழாவெடுத்துப் போற்றப்படுகின்றன. இவ்வறிவு நமக்கு எவ்வழி வந்தது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஓரியைப் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் சங்க நூல்களிலேயே உள்ளன. புறநானூற்றில் வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் பாடியுள்ளனர். காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தமை அகநானூற்றாற் பெறப்படும். கொல்லிப்பாவையைப் பற்றிய குறிப்புகள் நற்றிணையுட் காணப்படுகின்றன. ஓரியை வள்ளல் எழுவருள் ஒருவனாக எண்ணும் சிறுபாணாற்றுப்படையைக் கொண்ட பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும், நற்றிணை 1915இலும் அச்சேறின. அதற்குமுன் இவை ஏட்டுச் சுவடிகளிற் கிடந்தன. கற்றோருள்ளும் இவற்றைப் பயின்றார் மிகச் சிலரே.

இச்சுவடிகளுட் சில நூலாக வெளிவருதற்கு ஒரு தனிமனிதரின் வாழ்வில் நிகழ்ந்த மாற்றமே காரணமாயிற்று. உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். திருவாவடுதுறை மடத்திற் பல்லாண்டு பழகியவர். அவர் கற்றவை அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் முதலியன. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அந்நகரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் பயின்ற நூல்களை ஐயர் வரிசையாகக் கூற, முதலியாரோ சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பயின்றதுண்டா என வினவினார். கொல்லிமலையைத் தன்னகத்தே கொண்டிருந்த அந்நாளைய மாவட்டத்தின் பெயரையே அப்பெரியார் தம் பெயரிற் கொண்டிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அன்று எழுந்த நாணமும் ஆர்வமும் இருபத்தைந்து வயது இளைஞரின் எஞ்சிய அறுபத்திரண்டு ஆண்டுகளையும் சுவடிப் பணிக்கே உரியவாக்கின.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளுள் எட்டுத்தொகையைச் சார்ந்த ஏடுகளும் இருந்தன. அவை ஐயர் மாணவராக உலவிய நாளிலும் அங்கேயே இருந்தன; ஆயின், அவற்றைத் தேடவேண்டும் என்னும் எண்ணம் அன்று அவர்க்கில்லை. வினா பிறந்தபின்னரே சுவடி கண்ணிற்பட்டது. எனவே, நூல்நிலையம் மனிதனை மாற்றுகின்றது என்பது பாதி உண்மையே. தேடுவானும் வேண்டும், அவன் வரும்வரை காத்து வைப்பாரும் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் பயனில்லை என்க.

காப்பார் இல்லாத இடத்து நேர்ந்ததை ஐயரே தம் வரலாற்றில் வருத்தத்தோடு குறித்துள்ளார். பழஞ்சுவடிகளைச் சிலர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் நீரில் விட்டனர்; ஒரு கோயிலில் அவை தீயில் இடப்பட்டன. இன்று ஓரிக்கு விழாவெடுக்கும் அதே பெருக்கு நாளில் ஒருகாலத்து ஏடுகள் நீரோடு போயின என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நடுங்குகின்றது. ஓரியைப் பாடிய ஏடுகளும் அவ்வாறே போயிருப்பின், சிலையும் விழாவும் எங்ஙனம் எழும்?

நிற்க. மடத்துச் சுவடி நிலையம் புலவர்க்கே பயன்பட்டது. நூலை யாவர்க்கும் உரியதாக்க முயன்றவருள் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் தலையாயவர். கணித ஆசிரியராகிய அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தொடக்கத்தில் அப்பணியை வெறுத்து வகுப்பறைக்கே மீள விழைந்தார். இலண்டன் சென்று ஆங்குள்ள நூலகங்களைக் கண்டபின் அவர் உள்ளம் மாறியது. நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவர் நூல் 1931இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டி நூலகம் ஊர்களுக்குப் புறப்பட்டது. படிப்பானை நோக்கி நூலே செல்லுதல் வேண்டும் என்னும் கொள்கை அங்குச் சக்கரம் பெற்றது. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் அம்முயற்சிக்கு அரண் ஆயிற்று.

இதுகாறும் கூறியவற்றால், ஒரு சுவடி நிலையம் ஒரு மாணவரை மாற்றிற்று என்பதும், அம்மாணவர் ஒரு மலைக்கு அதன் பழம்புகழை மீட்டளித்தார் என்பதும் போதரும். கொல்லியைப் பாடிய ஏடுகள் சமவெளியிற் காக்கப்பட்டன. அக்கடனை நாம் மீள இறுத்தல் வேண்டும். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து நல்ல நூல்கள் வாழவந்தி நாட்டுச் சிறாரின் கைக்கு எளிதிற் சேரின், ஓரியைச் சிலையாக மட்டும் காணாது பாடலாகவும் அவர்கள் காண்பர். அவருள் ஒருவர் நாளை நாம் கேளாத வினா ஒன்றைக் கேட்கவும் கூடும்.