கையெழுத்திட்டால் உரிமை போய்விடுமா?

சென்ற மாதம் உறவினர் பிள்ளையின் பிறந்தநாளுக்காக டிராம்போலின் கூடம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நுழைவாயிலில் கைக்கணினியை நீட்டினார்கள். மூன்று திரை நிறையப் பொடி எழுத்து, முடிவில் கையெழுத்துக்கான கட்டம். பின்னால் வரிசை நீண்டதால் படிக்காமலேயே விரலால் கிறுக்கிவிட்டு உள்ளே போனேன். எனக்கு முன்னால் நின்ற பெற்றோரும் அதைத்தான் செய்தார்கள்.

உடற்பயிற்சிக்கூடம், பாறையேற்றம், நீச்சல் வகுப்பு என்று பல இடங்களிலும் இத்தகைய பொறுப்புத் துறப்புப் படிவம் உண்டு. ‘மரணமோ காயமோ நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது’ என்ற வரியைப் பார்த்ததும், இனி எதுவும் கேட்க முடியாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூரில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்பட்டது. 1993 முதல் இங்கும் சட்டமாக இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவின்படி, தன் கவனக்குறைவால் ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, அதற்கான பொறுப்பை ஒரு வணிக நிறுவனம் ஒப்பந்தத்தாலோ அறிவிப்புப் பலகையாலோ தட்டிக்கழிக்க முடியாது. கைப்பேசி உடைவது போன்ற பொருள் இழப்புக்கு மட்டும், விதிமுறை நியாயமானதாக இருந்தால் செல்லும்.

இங்கே ‘கவனக்குறைவு’ என்பதுதான் முக்கியச் சொல். கிழிந்த விரிப்பை மாற்றாமல் விட்டதால் கால் முறிந்தால் அது நிறுவனத்தின் தவறு. எல்லாம் சரியாக இருந்தும் குதிக்கும்போது நம் கால் பிசகினால், படிவம் இல்லாவிட்டாலும் இழப்பீடு கேட்பது கடினம். பாதுகாப்பு விதியை நாம் மீறியிருந்தாலோ முதுகுவலியை மறைத்திருந்தாலோ, நம் பங்குத் தவறுக்கு ஏற்ப இழப்பீடு குறையலாம். ஆகவே அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது வீண் வேலையன்று.

உண்மையில் அஞ்ச வேண்டியது விபத்துக்குப் பிறகு நீட்டப்படும் தாள். ‘மருத்துவச் செலவுக்கு 300 வெள்ளி தருகிறோம், இங்கே கையெழுத்திடுங்கள்’ என்பார்கள். ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்று அதில் இருந்தால், அது பெரும்பாலும் நம்மைக் கட்டுப்படுத்தும். ஆறு மாதம் கழித்து முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் மீண்டும் கேட்க வழியிருக்காது. வலி எங்கே போய் முடியும் என்று மருத்துவர் சொல்லும்வரை அதில் கைவைக்காதிருப்பது நல்லது.

வேலையிடக் காயங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் முதலாளியின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை. இழப்பீடு கோரமாட்டேன் என்று ஊழியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் அது செல்லாது. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

மற்றக் காயங்களுக்கு வழக்கு தொடர பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் காய வழக்குகளை விசாரிப்பதில்லை. அரசு நீதிமன்றங்களையே நாட வேண்டும். விபத்து நடந்த இடத்தை அன்றே படமெடுங்கள். சம்பவ அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி மின்னஞ்சலில் எழுதுங்கள். நேரில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

பள்ளி விடுமுறைக்கு ஜோகூரில் மலையேறப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: மேலே சொன்ன 1977 சட்டம் மலேசியாவில் இல்லை. அங்கு 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வேறு விதமாக இதை அணுகுகிறது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது சாகச விளையாட்டுகளும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாதவர்கள் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம். வருமான வரம்பு உண்டு. புரோ போனோ எஸ்ஜி அமைப்பும் இலவசச் சட்ட ஆலோசனை வழங்குகிறது. போகும்போது, கையெழுத்திட்ட அந்தப் படிவத்தின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். பல நிறுவனங்கள் அதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகின்றன; என்னுடையது வேண்டாத அஞ்சல்களுக்கு நடுவே கிடந்தது.