கூலியாய் வந்த மது

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், அதே கம்பனியின் மற்றொரு குடியேற்றமாகிய ஆபிரிக்க நன்னம்பிக்கை முனையில், தளபதி வான் றீபெக் முதன்முதலாக முந்திரிகை மது பிழியப்பட்டதைத் தம் நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு பதிந்தார். கேப் மதுத்தொழிலின் கதையை இந்நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். தோட்டங்களில் உழைத்த கைகள் யாருடையவை என்று கேட்டாலோ, கதை வேறாகிறது.

1658இலேயே அங்கு அடிமைக் கப்பல்கள் வந்துவிட்டன. 1808இல் பிரித்தானியர் அடிமை வாணிகத்தைத் தடைசெய்யும்வரை ஏறத்தாழ 63,000 பேர் கொண்டுவரப்பட்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்கம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் பிடுங்கப்பட்டனர். சொந்தப் பெயரை இழந்த பலர், ‘வங்கத்தவர்’, ‘இலங்கையர்’ என்னும் அடைமொழியோடு பதிவேடுகளில் எஞ்சியுள்ளனர். சைமன் வான் டெர் ஸ்டெல் 1685இல் நிறுவிய கொன்ஸ்தான்சியாப் பண்ணையும் அடிமை உழைப்பிலேயே வளர்ந்தது. அதன் இனிப்பு மது ஐரோப்பிய அரசவைகளில் புகழ்பெற்றது. சென் ஹெலெனாவில் சிறையிருந்த நெப்போலியனும் அதையே அருந்தினான்.

1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனால், ‘பயிலுநர்’ என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அவர்கள் எசமானரிடமே கட்டுண்டு கிடந்தனர். நட்டஈடு பெற்றவர் எசமானர்; நிலமும் அவர்களிடமே நின்றது. விடுதலை பெற்றோருட் பலர் வேறு வழியின்றி அதே தோட்டங்களுக்குக் கூலிகளாய்த் திரும்பினர். அங்கே ‘டொப்’ என்னும் வழக்கம் வேரூன்றியது. கூலியின் ஒரு பகுதியை மட்டமான மதுவாக, நாளொன்றுக்குப் பலமுறை அளந்து கொடுப்பதே அம்முறை. விலைபோகாத சரக்கு கழிந்தது. குடிக்கு அடிமையான தொழிலாளி தோட்டத்தை விட்டு விலக முடியாதவனானான். 1960களில் சட்டம் தடுத்தபின்னும், 1990கள்வரை இக்கொடுமை மறைவாகத் தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் ஊனமுறும் குழந்தைகளின் விகிதம் உலகில் மிக உயர்ந்து காணப்படும் இடங்களுள் மேற்கு கேப் ஒன்றாயிருப்பது இதன் எச்சமாகும்.

தோட்ட உடைமையாளருக்கு 1918இலேயே கூட்டுறவுச் சங்கம் வாய்த்தது. 1924இல் அரசின் சட்டமும் அதற்குத் துணைநின்றது. தொழிலாளருக்கோ வேலைநேரம், விடுமுறை பற்றிய அடிப்படைச் சட்டம் 1993இலேயே எட்டியது. 2012இல், உண்ணும் முந்திரிகை விளையும் டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போது சட்டம் வகுத்த குறைந்தபட்ச நாட்கூலி 69 றாண்ட். அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச்சில் கிடைத்தது 105. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. எனினும், கிடைத்த உயர்வு எசமானரின் இரக்கத்தால் வந்ததன்று. ஒன்றுபட்டு நின்றதால் வந்தது.