வெள்ளைத் தங்கம்: ஆல்ப்ஸ் மலையில் ஒரு குடும்ப விடுமுறையின் வரலாறு

பிப்ரவரி மாதம். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஏதோ ஒரு பனிச்சறுக்கு ஊர். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். காலையில் பிள்ளைகளைச் சறுக்குப் பள்ளியில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் இருவரும் நாற்காலி லிஃப்டில் ஏறி மேலே போகிறார்கள். மதியம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் நனைந்த காலுறைகளை ஹீட்டர் மேல் காயப்போடுகிறார்கள். இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். குளிர்காலம் வந்தால் பனி, பனி விழுந்தால் சறுக்கு, லீவு விட்டால் குடும்பம். எல்லாம் 'இயற்கை'. இப்படி இயற்கை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற சமாச்சாரங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று ரொலான் பார்த் 1957இலேயே எழுதிவைத்தார். அந்தச் சந்தேகத்தோடு இந்த ஒரு நாளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தலைகீழ் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சவ்வா மலைப்பகுதியில் குளிர்காலம் என்பது ஊரை விட்டுப் போகிற காலம். வயல் பனிக்குள் போய்விடும். மாட்டுக்கும் மனிதர்க்கும் சேர்த்து வைத்த தீனி போதாது. வாய்களைக் குறைத்தாக வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பையன்கள் ஒரு மேஸ்திரியின் பின்னால் நடந்தே பாரிஸ் போய்ப் பணக்காரர் வீட்டுப் புகைபோக்கிகளுக்குள் இறங்கிக் கரி சுரண்டினார்கள். உடம்பு சின்னதாக இருந்ததே அவர்களுக்கு வேலை கிடைத்த காரணம். சவ்வாக்காரன் என்றால் புகைபோக்கி சுத்தம் செய்கிறவன் என்றே பாரிஸில் பொருளாயிற்று. நூறு வருஷம் கழித்து அதே குளிர்காலத்தில் பாரிஸ் குழந்தைகள் சவ்வாவுக்கு வருகிறார்கள். ஆக, பனி மாறவில்லை. பனியின் பொருள் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் பசி என்று வாசிக்கப்பட்டதை இன்னொரு காலம் 'வெள்ளைத் தங்கம்' என்று வாசித்தது. இந்தச் சொல் பிரெஞ்சில் உண்மையாகவே புழங்கியது, மலையை விற்றவர்கள் வாயில்.

மாற்றம் நேராக நடந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சறுக்குப் பலகை பிரான்சுக்கு ராணுவத்தின் வழியாக வந்தது. இத்தாலிய எல்லையைக் காக்கிற மலைப்படைக்கு அது தேவைப்பட்டது. பிறகு சீமான்கள் வந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின், ஜெர்மானியர்களும் வந்து தங்குகிற சுவிட்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் பிடிக்காமல்போய், பிரான்சுக்கென்றே ஒன்று வேண்டும் என்று மெஜேவ் கிராமத்தில் பெரிய ஓட்டலை எழுப்பியவர் ரோத்ஷில்ட் வங்கிக் குடும்பத்துச் சீமாட்டி நொயெமி. 1933இல் அங்கே சறுக்குகிறவர்களுக்கென்றே கம்பிவட வண்டி வந்தது. அப்போது சறுக்கிய குடும்பங்களுக்கு விடுமுறை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வருஷம் பூராவும் அவர்களுக்கு விடுமுறைதான்.

மற்றவர்களுக்கு விடுமுறை என்பது வேலைநிறுத்தத்தில் கிடைத்தது. 1936 மே, ஜூனில் தொழிற்சாலைகளை ஆக்கிரமித்து உட்கார்ந்த தொழிலாளர்கள், மக்கள் முன்னணி அரசிடம் வருஷத்துக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பையும் 40 மணி நேர வாரத்தையும் வாங்கினார்கள். விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பாக லியோ லக்ராஞ்ச் நியமிக்கப்பட்டார். ரயில் கட்டணத்தில் 40 சதவீதச் சலுகை வந்தது. பூர்ஷ்வாப் பத்திரிகைகள் கடற்கரைக்கு வந்த தொழிலாளிகளைக் கிண்டலடித்தன. நம் இடதுசாரிகளிடமும் இதற்கு இணையான ஒரு மனச்சாய்வு இருப்பதைச் சொல்லியாக வேண்டும்: ஓய்வு, கேளிக்கை, ஊர் சுற்றுவது என்றாலே நடுத்தர வர்க்கச் சீரழிவு என்று முகம் சுளிப்பது. மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் சோம்பேறித்தனத்துக்கான உரிமையைப் பற்றி 1880இலேயே எழுதியதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். உழைப்பின் பெருமையைப் பாடிப் பாடி, உழைக்காமல் இருக்கிற நேரம் யாருடையது என்ற கேள்வியை முதலாளியிடம் விட்டுவிட்டோம். எனவே இக்கட்டுரை சறுக்குகிற குடும்பத்தைப் பழிப்பதற்காக எழுதப்படவில்லை. அந்த நேரம் போராடி வாங்கிய நேரம். வாங்கியபின் அது என்ன வடிவத்தில் திருப்பித் தரப்பட்டது என்பதே விஷயம்.

விடுப்பு 1956இல் மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. ஐந்தாவது வாரத்தை மற்ற நான்கோடு சேர்த்து ஒரே மூச்சில் எடுக்க முடியாது. பிரித்து எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை எங்கே வைப்பது? குளிர்காலத்தில். பள்ளிக்கூடங்களின் பிப்ரவரி லீவு 1970களில் மண்டலம் மண்டலமாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வாரங்களில் விடப்பட்டது. மலைப்பாதையில் நெரிசல் குறையும். ஓட்டல்களும் லிஃப்டுகளும் கூடுதல் வாரங்களுக்கு நிரம்பியிருக்கும். குழந்தையின் பள்ளிக்கூட நாட்காட்டி லிஃப்டின் வசூலோடு கோக்கப்பட்டுவிட்டது.

இதற்கு நடுவே வேறொரு பாதையும் இருந்தது. 1953இல் பாரிஸை ஒட்டிய வான்வ் என்ற ஊரின் ஆரம்பப் பள்ளி, மருத்துவர் மக்ஸ் ஃபூரெஸ்தியேயின் முயற்சியில், ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியரோடு சவ்வாவின் லா ஃபெக்லாவுக்கு அனுப்பியது. காலையில் பாடம், மதியம் சறுக்கு. 'பனி வகுப்பு' என்ற பெயர் நாடு பூராவும் பரவியது. காசநோய் பயம் இன்னும் போகாத காலம். நல்ல காற்று மருந்தாக நம்பப்பட்டது. உடலைப் பற்றிய அரசின் அக்கறை இதிலும் இருக்கிறது, ஃபூக்கோவைப் படித்தவர்கள் உடனே கையைத் தூக்குவார்கள். தூக்கட்டும். ஆனால் அங்கே போன பிள்ளைக்குப் பணக்கார அப்பா வேண்டியிருக்கவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாரிஸைச் சுற்றிய கம்யூனிஸ்ட் நகராட்சிகளும் தொழிற்சாலைகளின் தொழிலாளர் குழுக்களும் மலையில் சொந்த விடுதிகள் வைத்திருந்தன. பின்னாளில் அவற்றில் பல விற்கப்பட்டன. பனிக்குப் போகிறவர்கள் வகுப்பாகவோ யூனியனாகவோ போகலாம் என்ற சாத்தியம் சுருங்கி, 'குடும்பம்' மட்டும் மிஞ்சியது.

மலைக்காரர்களுக்கு என்ன நடந்தது? தீஞ் என்ற கிராமத்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று இஸேர் ஆற்றின் குறுக்கே 180 மீட்டர் உயர அணை திட்டமிடப்பட்டது. பள்ளத்தாக்கில் இருந்த கிராமத்தார் வழக்குப் போட்டார்கள், மறித்தார்கள். 1952 வசந்தத்தில் கலவர போலீஸ் வந்தது. கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களை இடம் மாற்றினார்கள். வீடுகளைத் தகர்த்தார்கள். தண்ணீர் ஏறியது. எஞ்சியவர்களில் சிலர் மேலே, 2,100 மீட்டர் உயரத்தில், முன்பு கோடையில் மாடு மேய்க்க மட்டுமே போன ஏரிக்கரையில் குடியேறினார்கள். அங்கேதான் இன்றைய சறுக்கு நகரம் நிற்கிறது. விடுமுறைக்கு வருகிற குடும்பத்தின் கார் அணை ஓரமாகத்தான் ஏறிப்போகிறது. 1989இல் அணையின் சுவரில் ஹெர்குலிஸ் படத்தைப் பிரம்மாண்டமாக வரைந்தார்கள். அழகுதான். அடியில் ஒரு ஊர் இருப்பது தெரிந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஆனாலும் மலைக்காரர் என்றால் பலியானவர், நகரத்தான் என்றால் சூறையாடியவர் என்று எழுதிவிட்டுப் போவது சோம்பலான வாசிப்பு. லா பிளாஞ்சில் பள்ளத்தாக்குக் கிராமங்கள் தாங்களே ஒன்றுகூடி, நிலத்தைத் திரட்டிக் கொடுத்துச் சறுக்கு ஊரை வரவழைத்தன. 1961 இறுதியில் அது திறந்தது. இளைஞர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அங்கிருந்த ஈயச் சுரங்கத்தை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? (சுரங்கம் 1973இல் மூடப்பட்டது.) புகைபோக்கிக்குப் போன பரம்பரைக்குக் குளிர்காலத்தில் சொந்த ஊரிலேயே வேலை என்பது சின்ன விஷயமா?

1964இல் அரசு நேரடியாக இறங்கியது. 'பனித் திட்டம்' என்று அழைக்கப்பட்ட அதன் இலக்கு 1,50,000 படுக்கைகள். கவனிக்க: ஆட்கள் கிடையாது, வீடுகள் கிடையாது, படுக்கைகள். மலையின் அளவுகோலே படுக்கையாகிவிட்டது. வெளிநாட்டுச் சறுக்காளர்களின் அந்நியச் செலாவணியைப் பிடிப்பது நோக்கம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பொதுநலன் என்ற பெயரில் நிலத்தைக் கையகப்படுத்தலாம். ஊர் முழுவதையும் ஒரே கட்டுமான முதலாளி கையில் கொடுக்கலாம். கிராமமே இல்லாத உயரத்தில், புல்வெளியில், நகரம் முளைத்தது. வாசலிலிருந்தே சறுக்கி இறங்கலாம்; கார் ஒரு பக்கம், பனி மறு பக்கம்; லிஃப்டுகள் எல்லாம் ஒரே முற்றத்தில் வந்து சேரும். ஆலையில் சரக்கு நகர்கிற ஒழுங்கோடு உடல்கள் மேலே ஏற்றப்பட்டுக் கீழே சறுக்கின. அப்படிக் கட்டிய இரண்டறை வீடுகளைக் குடும்பங்களுக்கு விற்றார்கள். பணம் பனியில் இல்லை, சிமெண்டில் இருந்தது.

இங்கேதான் ஷார்லோத் பெரியான் வருகிறார். சவ்வாவில் வேர் உள்ள குடும்பம், மலையேறுகிறவர், லெ கொர்பூசியேயோடு வேலை செய்தவர், 1930களில் கம்யூனிஸ்டுகளோடு நெருங்கி நின்றவர். 1936இல் பாரிஸின் குடியிருப்பு அவலத்தைப் புகைப்படங்களை ஒட்டி ஒரு பெரிய சுவரோவியமாகவே வைத்தார். பிற்பாடு சண்டிகரைக் கட்டப்போன பியேர் ழான்னரேயோடு சேர்ந்து 1938இல் பீப்பாய் வடிவ மலைக்கூடம் ஒன்றை வரைந்தார். எல்லோருக்கும் ஓய்வு, எல்லோருக்கும் மலை என்ற 1936இன் கனவை உண்மையாகவே நம்பியவர். 1967 முதல் ஏறக்குறைய இருபது வருஷம் லெஸார்க் என்ற சறுக்கு ஊரை வடிவமைத்த குழுவுக்கு மூளையாக இருந்தார். கட்டடங்கள் மலைச்சரிவோடு சாய்ந்து இறங்கின. ஒவ்வொரு பால்கனிக்கும் வெயில். மலையில் கட்டடவேலைக்குப் பனியில்லாத சில மாதங்களே கிடைக்கும் என்பதால் குளியலறையை முழுசாக வார்த்து, ஒரே துண்டாகக் கொண்டுவந்து பொருத்தினார்.

அடுப்பங்கரையை என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அதன் சுவரை எடுத்துவிட்டார். சமைக்கிறவள் தனி அறையில் அடைந்துகிடக்காமல், மேசையில் உட்கார்ந்திருப்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கட்டும் என்று. சும்மா சொல்லக்கூடாது, பெண்ணின் தனிமையைக் கட்டடக்கலையின் பிரச்சினையாகப் பார்த்த கண் அது. ஆனால் அடுப்பின் முன் நிற்பவள் மாறவில்லையே. பழைய மெஜேவ் ஓட்டலில் சீமாட்டிக்குப் பணியாள் இருந்தாள். புதிய அடுக்கு வீட்டில், ஊரிலிருந்து காரில் ஏற்றி வந்த பாலாடைக்கட்டியையும் உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு, நாலு பேருடைய ஈரத் துணிகளுக்கு நடுவே, 1,800 மீட்டர் உயரத்தில் அதே வேலையை அம்மா செய்கிறாள். 'குடும்பம்' என்ற அலகு மலிவாக முடிவதற்குக் காரணமே இந்தக் கூலியில்லாத கைகள்தாம். பெரியானின் கம்யூனிசமும் கட்டுமான முதலாளியின் கணக்கும் ஒரே சதுர அடிக்குள் அடங்கிப்போனதை முரண் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. குறைந்த இடத்தில் நிறையப் பேர் என்று அவர் ஜனநாயகத்துக்காக யோசித்தார். குறைந்த இடத்தில் நிறையப் படுக்கை என்று அவர்கள் லாபத்துக்காக எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் என்ற அந்தச் சொல்லையாவது நிறைவேற்றினார்களா? இன்றுவரை ஒரு குளிர்காலத்தில் சறுக்கப் போகிற பிரெஞ்சுக்காரர்கள் பத்தில் ஒருவரைத் தாண்டவில்லை. விளையாட்டுகளின் ரசனைக்கும் வர்க்கத்துக்கும் உள்ள உறவைப் பூர்தியூ 1979இல் விரிவாக எழுதிவிட்டதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. வாங்கிய வீடுகளோ வருஷத்தில் மூன்று, நான்கு வாரம் திறந்து மீதி நாள் சாத்திக்கிடந்தன. இதற்குக் 'குளிர்ந்த படுக்கை' என்று பெயர்.

1970 பிப்ரவரி 10ஆம் தேதி காலை, வால் தீஸேரில், வசதி குறைந்த இளைஞர்களுக்கும் சறுக்குக் கற்றுக்கொடுத்த அமைப்பொன்றின் விடுதிமீது பனிச்சரிவு விழுந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் பிளத்தோ தாஸியில் காசநோய்ப் பிள்ளைகளின் மருத்துவமனைமீது மலையே சரிந்து 71 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அதன்பிறகே எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று பனிச்சரிவு வரைபடங்கள் முறையாகப் போடப்பட்டன. 1977இல் ஜனாதிபதி ழிஸ்கார் தெஸ்தான் வல்லூயிஸ் கிராமத்தில் பேசியதோடு பனித் திட்டத்துக்குத் திரை விழுந்தது. 1985இல் மலைச் சட்டம் வந்தது. அதற்குள் கட்ட வேண்டியதைக் கட்டி முடித்திருந்தார்கள்.

இந்தக் குடும்ப நாளின் படத்தில் தெரியாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் பனியைச் சமன்படுத்துகிறவர், லிஃப்டில் ஆளை ஏற்றுகிறவர், சனிக்கிழமைதோறும் ஒரே நாளில் வீடுகளைச் சுத்தம் செய்து அடுத்த குடும்பத்துக்குத் தயார் செய்கிற பெண்கள். போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள் இவர்களில் பலர். வாடகை கட்டுபடியாகாமல் வேனிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் வேலையில்லாதோர் உதவித்தொகை பெற 4 மாத வேலை போதாது, 6 மாதம் வேண்டும் என்று விதி மாறியது. ஒரு பனிப்பருவம் அவ்வளவு நாள் நீள்வதில்லை. 2025இல் பருவத் தொழிலாளர்க்கு மட்டும் அதை 5 மாதமாக்கினார்கள்.

பருவமோ சுருங்கிக்கொண்டே போகிறது. பனி விழாவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சிப் பனி 'உற்பத்தி' செய்கிறார்கள். லா குளூஸா என்ற ஊரில் அதற்காக 1,48,000 கன மீட்டர் நீர்த்தேக்கம் திட்டமிடப்பட்டபோது, இளைஞர்கள் காட்டுக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2022 அக்டோபரில் கிரனோபிள் நீதிமன்றம் வேலையை நிறுத்திவைத்தது. அணைக்காகத் தீஞ்சுக்குப் போலீஸ் வந்து எழுபது வருஷமாகியிருந்தது. தாழ்வான மலைகளில் சின்ன ஊர்கள் கடையைக் கட்டுகின்றன. 2024 அக்டோபரில் சேன் லெஸால்ப் மக்கள் வாக்களித்துத் தங்கள் சறுக்குத்தளத்தை மூடினார்கள். மூடிய இடங்களில் லிஃப்ட் கம்பங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கழற்றும் செலவு யார் தலையில் என்று பேச்சு நடக்கிறது. மவுண்டன் வில்டர்னெஸ் என்ற அமைப்பின் தொண்டர்கள் 2001 முதல் கோடையில் மலையேறி, துருப்பிடித்த இரும்பை அறுத்துத் துண்டு துண்டாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.