பனிக்கட்டி மேல் கொதித்த இன்ஜின்!

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் ஒரு லாரி டிரைவரிடம், ‘‘அண்ணே, ரேடியேட்டர் தண்ணி உறைஞ்சுடாமப் பார்த்துக்குங்க’’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்! அவர் கவலையெல்லாம் வண்டி சூடேறுவதும், ஊற்றுகிற தண்ணீரில் இருக்கிற உப்பும்தான்.

உறைகிற தேசத்திலோ கதை வேறு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். மூடிய இரும்புக்குள் விரிந்தால்..? இன்ஜினே விரிசல் விட்டுவிடும். ‘உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாதே, அதை ஊற்றினால் என்ன?’ என்று கேட்பீர்கள். கடல் நீர்கூட மைனஸ் 2 டிகிரிக்குப் பக்கத்தில் உறைந்துவிடும். அதற்குள் உப்பு இரும்பைத் தின்றுவிடும். சந்தேகமிருந்தால் பாம்பன் பாலத்தைப் பாருங்கள்!

அந்தப் பழைய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914-ல். அதற்கு மூன்று வருடம் முன்பு, உலகின் தென்கோடியில் ஒரு ரேஸ் நடந்தது. தென் துருவத்தை முதலில் தொடுவது யார்? நார்வேயின் அமுண்ட்சென் நாய்களை நம்பினார். இங்கிலாந்தின் கேப்டன் ஸ்காட், மட்டக்குதிரை, நாய் இவற்றோடு மோட்டார் ஸ்லெட்ஜையும் நம்பினார். சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டை ஓடும் வண்டி. செய்தது உல்ஸ்லி கம்பெனி. உறைந்துபோகும் வம்பே வேண்டாமென்று, தண்ணீரில்லாமல் காற்றாலேயே குளிரும் இன்ஜினை வைத்தார்கள். புத்திசாலித்தனம்தான்!

கொண்டுபோனது மூன்று வண்டி. 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒன்று பனியை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. மிச்சம் இரண்டும் அக்டோபர் 24-ம் தேதி கிளம்பின. மெக்கானிக் பெர்னார்ட் டே, லாஷ்லி, லெஃப்டினென்ட் எவன்ஸ், ஹூப்பர் என நாலு பேர்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். சுற்றிலும் எலும்பை உறைய வைக்கும் குளிர். இன்ஜினோ சுமை இழுத்துச் சூடேறித் தவித்தது! ‘சரி, ஆறட்டும்’ என்று நிறுத்தினால், அதற்குள் கார்ப்புரேட்டர் சில்லிட்டுப் போகும். ஸ்டார்ட் ஆகாது. ஊதுவிளக்கை வைத்து அதைச் சூடு பண்ண வேண்டும். கிளம்பினால் மறுபடி சூடு. ஒரே வண்டியில் ஒரு பக்கம் ஜுரம், இன்னொரு பக்கம் ஜன்னி!

சுமார் 80 கிலோமீட்டர்தான். இன்ஜினின் உள்பாகங்கள் உடைந்து, நவம்பர் தொடக்கத்திலேயே இரண்டு வண்டியும் பனியில் அநாதையாக நின்றன. நாலு பேரும் தோளில் வாரைப் போட்டுக்கொண்டு தாங்களே சுமையை இழுத்தார்கள்.

இந்த வண்டியை உருவாக்கப் பாடுபட்ட ஸ்கெல்டன் என்கிற கடற்படை இன்ஜினீயர் அங்கே இருந்திருந்தால்? அவரை ஸ்காட் கூட்டிப்போகவில்லை. காரணம், ரேங்க்! துணைத் தலைவர் எவன்ஸைவிட அவர் பதவியில் பெரியவர்; எவன்ஸுக்கு அது பிடிக்கவில்லை. இன்ஜினைத் தெரிந்தவர் ஊரில், இன்ஜின் பனியில்! என்னைக் கேட்டால், குளிரைவிட இதுதான் பெரிய தப்பு.

1911 டிசம்பர் 14-ல் அமுண்ட்சென் துருவத்தை அடைந்தார். ஸ்காட் போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17. அங்கே நார்வே கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஸ்காட்டோடு சேர்த்து ஐந்து பேரும் இறந்தார்கள்.

அந்த நவம்பரில் அவர்களுடைய கூடாரத்தைக் கண்டுபிடித்த குழு மோட்டாரை நம்பவில்லை. அவர்களோடு நடந்தவை, நம் இமயமலைப் பக்கம் பழக்கி அனுப்பப்பட்ட ஏழு கோவேறு கழுதைகள். லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப் என்று அவற்றுக்குப் பெயர்!